ரீடிங் வராத பெண்

அத்தியாயம் 6

சற்குணம் கலை அறிவியல் கல்லூரியின் வாசலில் காவலாளிகள் இரண்டு பேர். உள்ளே வரும் கார்களுக்கு சல்யூட் வைக்க ஒருவர். உள்ளே வரும் மாணவர்களின் ஐடி கார்டைக் கயிற்றோடு இழுத்துப் பார்க்க இன்னொருவர். டெபோரா ஸ்கூட்டரில் வந்து இறங்கியதும், அவளை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இருவருக்கும் புரியவில்லை. யோசித்து யோசித்து, கடைசியில் அரை சல்யூட் கிடைத்தது.

"மீதி அரை எனக்குக்கா," என்றான் பின் சீட்டிலிருந்து இறங்கிய ஜீவா. "ரிட்டர்ன்ல வாங்கிக்கறேன்."

டெபோரா மேற்குத் தாம்பரத்தில் ஒரு செல்போன் கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள். நிறுவனம் என்றால் ஒரு அறை, இரண்டு நாற்காலி, ஜீவானந்தம் என்கிற ஜீவா. மாப்பிள்ளை குடிப்பாரா, ஏற்கனவே எங்கேயாவது குடும்பம் இருக்கிறதா என்று விசாரித்துச் சொல்வதில்தான் பிழைப்பு ஓடுகிறது. இன்று வந்திருப்பது வேறு ரகம். பெரும்பாக்கம் குடியிருப்பில் ஜீவாவின் எதிர் வீட்டில் ரோஸி என்று ஒரு பெண்மணி. அவள் மகள் ஜோவிதா இந்தக் கல்லூரியில் பி.எஸ்ஸி. பிஸிக்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். அவளைத் திருடி என்கிறார்கள்.

திருடு போனது வைரமும் இல்லை, வைடூரியமும் இல்லை. உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு கண்ணாடி. கிரேட்டிங் என்று பெயர். போன வாரம் ஆய்வகத்தில் அது இல்லை என்று ஜோவிதாதான் போய்ச் சொன்னாள். அவளுக்கு முன்னால் அதே மேஜையில் அதே சோதனையைச் செய்தவன் ஷெர்வின், வகுப்பில் முதல் மாணவன். தான் செய்தபோது இருந்தது என்று அவன் சொல்லிவிட்டான். அவன் கையில் இருந்த பொருள் அவள் கைக்கு வரும்போது இல்லை என்றால் எடுத்தது யார்? துறைத் தலைவர் முனைவர் சுந்தரராமன் இந்தக் கணக்கை நின்ற இடத்திலேயே போட்டு முடித்துவிட்டார்.

இன்று பன்னிரண்டு மணிக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடுகிறது. கூடினால் டி.சி. அதில் நடத்தை என்று ஒரு இடம் இருக்கிறது. அங்கே இவர்கள் எழுதப்போகும் ஒரு வார்த்தையோடு ஜோவிதா எந்தக் கல்லூரியிலும் போய் எம்.எஸ்ஸி. சீட்டு கேட்டு நிற்க முடியாது. பிரின்ஸிபல் எலியேசர் டெபோராவின் சபைக்காரர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவரை மடக்கி, பன்னிரண்டு மணி வரை விசாரிக்க அவள் அனுமதி வாங்கியிருந்தாள்.

ஜோவிதா போர்டிகோவில் காத்திருந்தாள். அழுது முடித்த முகம். ஆனால் பார்வை நேராக இருந்தது. டெபோரா முன்படிக்கட்டில் கால் வைத்ததும் அவள் மட்டும் கீழேயே நின்றுவிட்டாள்.

"நீங்க இப்படிப் போங்க மேடம். நான் பின்னாடி படியில வரேன்."

ஏன் என்று கேட்டதற்கு, முன்படிக்கட்டும் மாடியில் அதை ஒட்டிய தாழ்வாரமும் மாணவர்களுக்கு இல்லை என்றாள். பிரின்ஸிபலுக்கு, ஆசிரியர்களுக்கு, விருந்தாளிகளுக்கு மட்டும். மாணவர்கள் ஏறினால் ஐடி கார்டைப் பிடுங்கிக்கொண்டு வீட்டிலிருந்து ஆளைக் கூட்டி வரச் சொல்வார்களாம். மூன்று வருடத்தில் இந்தப் படி எத்தனை அகலம் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"ஃபீஸ் கட்றவன் பின்னாடி, அத வாங்கறவன் முன்னாடி," என்றான் ஜீவா. "நல்லா கீதுக்கா காலேஜ்."

மாடித் தாழ்வாரம் பளபளவென்று இருந்தது. ஜூன் கடைசியில் தரச்சான்று கொடுக்கும் குழு ஒன்று வந்து போனதாம். அதற்காக அடித்த பெயின்ட். குழு நடந்து போன வழிக்கு மட்டும் அடித்திருந்தார்கள். வளைவு திரும்பியதும் சுவர் தன் சுயரூபத்தைக் காட்டியது. பெயின்ட் முடிவதற்கு முன்னால், ஜன்னலை ஒட்டி நாலு பக்கமும் கண்ணாடி போட்ட பெரிய அலமாரி. உள்ளே பெருமைகள்: கோப்பைகள், யாரோ ஒரு அமைச்சர் யாரோ ஒருவருக்குக் கை கொடுக்கும் போட்டோ, பிளாஸ்டிக் தாமரை. துறைக்கு ஒன்றாகக் காட்சிப்பொருள்கள். விலங்கியல் சார்பில் ஒரு குரங்கின் மண்டையோடு, வேதியியல் சார்பில் குடுவையில் நீலத் தண்ணீர், இயற்பியல் சார்பில் 'பிரிஸம்' என்ற அட்டையோடு பித்தளைச் சட்டத்தில் ஒரு கண்ணாடி. காலை வெயில் ஜன்னல் வழியாக நுழைந்து, அலமாரியைக் கடந்து எதிர்ப்பக்கம் விழுந்தது. நிழலாக இருந்த சுவரில் இரண்டு வானவில் துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன, இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக.

ஜீவா அதில் ஒன்றைத் தன் சட்டைப் பையில் விழும்படி நின்று பார்த்தான்.

"ஒண்ணு வாங்கினா ஒண்ணு ஃப்ரீ போலக்கா."

டெபோரா அவனைத் தள்ளிக்கொண்டு போனாள்.

வளைவுக்கு அப்பால் இருந்த இயற்பியல் ஆய்வகத்தில் சுந்தரராமன் தயாராக இருந்தார். டை கட்டியிருந்தார். ஆய்வகத்தில் ஓடிய ஒரே மின்விசிறியும் அவர் தலைக்கு மேல்தான் ஓடியது. தன்னுடைய இருபத்துச் சொச்ச வருட சர்வீஸ், தான் கலந்துகொண்ட கருத்தரங்குகள், தன் மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் ப்ராக்டிகலில் வாங்கும் முழு மதிப்பெண் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு விஷயத்துக்கு வந்தார். ஷெர்வின் ரீடிங் எடுத்திருக்கிறான், அதுவும் அப்பழுக்கில்லாத ரீடிங். அவனுக்கு அடுத்து உட்கார்ந்த பெண் பொருளே இல்லை என்கிறாள்.

"பெரும்பாக்கம் ஹவுஸிங் போர்டுலேர்ந்து வர்ற பொண்ணு," என்றார் குரலைத் தாழ்த்தி. "அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்ல விரும்பலை."

"நானும் அங்கதான் சார்," என்றான் ஜீவா. "பர்ஸை உள் பாக்கெட்டுக்கு மாத்திக்குங்க."

சுந்தரராமன் அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனாலும் அவர் கை ஒரு கணம் பின் பாக்கெட்டுக்குப் போய் வந்தது.

டெபோரா வெளியே வந்தாள். பின்படி வழியாக வந்து சேர்ந்திருந்த ஜோவிதாவை பெஞ்சில் உட்கார வைத்து, அன்று நடந்ததைச் சொல்லச் சொன்னாள். சொல்ல அதிகம் இல்லை. விளக்கைப் போட்டு, தொலைநோக்கி வழியாகப் பார்த்தாள். நடுவில் ஒரே ஒரு மஞ்சள் கோடு. பக்கவாட்டில் எவ்வளவு திருப்பியும் இருட்டு. நிமிர்ந்து பார்த்தால் கிரேட்டிங் மாட்டுகிற க்ளிப் காலி. பக்கத்து மேஜைக்காரிகள் சிரித்தார்கள். ரீடிங்தானே, என்னுடையதைப் பார்த்து எழுதிக்கொள் என்று ஒருத்தி நோட்டை நீட்டினாள். இவள் வாங்கவில்லை.

"இல்லாததைப் பார்த்தேன்னு எப்படி மேடம் எழுதறது?"

அவள் அதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே வழி தெரியாமல் கேட்டாள்.

ஜீவாவும் பி.எஸ்ஸி. பிஸிக்ஸ்தான். வேறொரு கல்லூரியில் மூன்று வருடம் படித்து, பட்டத்துக்குப் பதில் அரியர்களோடு வெளியே வந்தவன். அந்தச் சோதனையைச் சாதாரண மனுஷிக்குப் புரிகிற மாதிரி சொல்லச் சொன்னாள் டெபோரா.

கிரேட்டிங் என்பது கண்ணுக்குத் தெரியாத கோடுகள் நெருக்கமாகப் போட்ட கண்ணாடி. அதன் வழியாக வரும் வெளிச்சம் நடுவில் ஒன்று, இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என்று பிரிந்து தெரியும். பக்கத்தில் இருப்பது நடுவிலிருந்து எவ்வளவு விலகி இருக்கிறது என்று அளந்தால், வெளிச்சத்தின் அலைநீளத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். இதுதான் ரீடிங்.

"இது புக்குல இருக்கறதுக்கா. லேப்ல வேற மாதிரி. விளக்கு கெட்டுப் போயிருக்கும், இல்லாட்டி கரெண்ட் இருக்காது, ரெண்டும் இருந்தா மேஜைக்குப் பத்துப் பேர் நிப்பாங்க. எவன் குனிஞ்சு பாக்கறது? விடை இன்னான்னு புக்கு சொல்லிடுது. அதுலேர்ந்து ரிவர்ஸ்ல வந்தா ரீடிங் வந்துடும். அதைச் சீனியர் ஒருத்தன் போட்டு வெச்சிருப்பான். அப்புறம் அது பரம்பரைச் சொத்து." ஜீவா ஒரு விரலை உயர்த்தினான். "இதுக்குக் கண்ணு வேணாங்கா. கால்குலேட்டர் இருந்தா போதும்."

டெபோரா ஆய்வகக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு ஜீவாவின் காதில் ஏதோ சொன்னாள். அவன் முகம் பந்திக்குக் கூப்பிட்ட மாதிரி மலர்ந்தது.

திரும்ப உள்ளே போனபோது அவள் குரலில் தேன் ஒழுகியது. துறையின் தரத்தை நேரில் பார்க்க ஆசைப்படுவதாகச் சொன்னாள். தெரிந்த கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு கிரேட்டிங் கடன் வாங்கி வந்திருக்கிறோம், ஜீவா மாட்டிவிடுவான், ஷெர்வின் அன்று செய்ததையே எங்கள் முன்னால் ஒருமுறை செய்து காட்டினால் சாட்சி பலமாகும் என்றாள். சுந்தரராமனுக்குத் தலை கால் புரியவில்லை. தானே போய் ஷெர்வினை வகுப்பிலிருந்து கூட்டி வந்தார்.

ஷெர்வின் நல்ல பையனாகத்தான் தெரிந்தான். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் படிந்த முடி, பெரியவர்கள் எதைச் சொன்னாலும் ஆடுகிற தலை. விளக்கைப் போட்டான். அந்த விளக்கு சூடேறி மஞ்சளாக எரியக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அது ரோஜா நிறத்தில் தூக்கக் கலக்கமாக இருக்கும்போதே அவன் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டான்.

"இடப்பக்கம் தெரியுதா தம்பி?" என்றான் ஜீவா.

"ரொம்ப க்ளியரா தெரியுது சார்."

தொலைநோக்கியை இந்தப் பக்கம் திருப்பினான், அந்தப் பக்கம் திருப்பினான். இடப்பக்கத்து ரீடிங், வலப்பக்கத்து ரீடிங் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். கால்குலேட்டரைத் தட்டினான். ஐயாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்று மூன்று ஆங்ஸ்ட்ராம் என்று விடை வந்தது. புத்தகத்தில் இருப்பதும் அதே எண்தான், ஒன்று கூடவில்லை, ஒன்று குறையவில்லை. சுந்தரராமன் கைதட்டவில்லை, அவ்வளவுதான்.

"இதுதான் மேடம் எங்க டிபார்ட்மென்ட்."

"பார்த்துட்டேன் சார்," என்றாள் டெபோரா. "ஜீவா, எடுத்துடு."

ஜீவா க்ளிப்பிலிருந்து அந்தச் சதுரத்தை உருவினான். அதன் மேலிருந்த மெல்லிய தாளை நகத்தால் உரித்தான். தன் இடது மணிக்கட்டை நீட்டி, ஸ்மார்ட் வாட்சின் முகத்தில் வைத்து, காற்றுக்குமிழ் இல்லாமல் கட்டை விரலால் அழுத்தி ஒட்டினான்.

"ஆபீசுக்குக் கீழ செல்போன் கடைல வாங்கின ஸ்கிரீன் கார்டு சார். கீறல் விழாதுன்னாங்க. அலைநீளம்லாம் சொல்லும்னு சொல்லவே இல்லை."

விளக்கு அப்போதுதான் முழு மஞ்சளுக்கு வந்தது. அதன் வெளிச்சத்தில் எல்லார் முகமும் காமாலை கண்டது போல் இருந்தது. ஷெர்வினின் முகம்தான் அதிகம்.

டெபோரா அவனிடம் சத்தம் போடவில்லை. அன்றைக்கு அந்த க்ளிப்பில் என்ன இருந்தது என்று மட்டும் கேட்டாள். அவன் துறைத் தலைவரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"ஒண்ணும் இல்லை மேடம். செமஸ்டர் ஆரம்பிச்சதுலேர்ந்தே இல்லை. எல்லாருமே அப்படித்தான் எழுதினோம்."

"அதை ஏன்பா சொல்லலை? ஒரு பொண்ணு திருடின்னு பேர் வாங்கறா."

"இல்லைன்னு சொன்னா, ரீடிங் எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்களே."

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவனை அறையலாமா, பட்டம் கொடுத்து அனுப்பலாமா என்று டெபோராவுக்குத் தெரியவில்லை. வகுப்பு முழுக்க மூன்று மாதமாக இல்லாத கண்ணாடி வழியாக இல்லாத வெளிச்சத்தைப் பார்த்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறது. உள்ளதைச் சொன்னவள் ஒருத்தி. அவளுக்கு டி.சி.

சுந்தரராமன் அவ்வளவு லேசில் விழுகிற ஆளில்லை. தொண்டையைச் செருமினார். பையன் பொய் சொன்னான் என்றால் சொல்லிவிட்டுப் போகட்டும், அவனைத் தனியாகக் கவனித்துக்கொள்வார். ஆனால் பொருளைக் காணோம் என்பது காணோம்தானே. போன வாரம் எடுக்காவிட்டால் ஜூலையில் எடுத்திருப்பாள். பொருள் எங்கே? அதைக் கொண்டு வந்து மேஜையில் வையுங்கள், இல்லையென்றால் குழு கூடும்.

அவர் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எரிச்சல். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்குக் கொஞ்சம்தான் பாக்கி. டெபோரா வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணின் முன்னால் நின்றாள்.

"ஜோவிதா, அந்தக் கிரேட்டிங்கை வெயில்ல வெச்சா என்னம்மா ஆகும்?"

"நடுவுல வெள்ளையா இருக்கும் மேடம். ரெண்டு பக்கமும் வானவில் விழும்."

"பிரிஸம் வெச்சா?"

"அது ஒரு பக்கம்தான் விழும்."

ஜீவா மெதுவாகத் தன் சட்டைப் பையைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

டெபோரா அதற்குள் நடக்க ஆரம்பித்துவிட்டாள். பின்னாலேயே ஜீவா, அவன் பின்னால் என்ன ஏது என்று புரியாமல் சுந்தரராமன், கடைசியில் ஷெர்வின். பெயின்ட் ஆரம்பிக்கும் வளைவு வந்ததும் ஜோவிதா பழக்கதோஷத்தில் நின்றுவிட்டாள். டெபோரா திரும்பி வந்து அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். பிரின்ஸிபல் அறைக் கதவைத் தட்டி, அலமாரிச் சாவியோடு வெளியே வரும்படி எலியேசரிடம் சொன்னாள்.

வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது. சுவரில் வானவில் இல்லை. சுந்தரராமன் அலமாரியைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார், நிம்மதியாக மூச்சு விட்டார்.

"இது பிரிஸம் மேடம். எங்க டிபார்ட்மென்ட்லேர்ந்து நான்தான் குடுத்தேன்."

"பிரிஸம் முக்கோணமா இருக்கும்னு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தாங்க சார்," என்றாள் டெபோரா. "காலேஜுக்கு வந்தா தட்டையாயிடுமா?"

 எலியேசர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். அவர் வரலாறு படித்தவர், ஆனாலும் முக்கோணம் தெரியும். சாவியைப் போட்டுத் திறந்தார். பித்தளைச் சட்டத்தை எடுத்து யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் அவர் முழிக்க, டெபோரா அதை வாங்கி ஜோவிதாவின் கையில் வைத்தாள். ஜீவா தாழ்வாரத்தின் மறுகோடிக்கு ஓடிப் போய் செல்போன் டார்ச்சைப் போட்டுக் காட்டினான்.

ஜோவிதா கண்ணாடியைக் கண்ணருகே கொண்டு போனாள். மூன்றாவது வருடமாக இயற்பியல் படிக்கிறவள், தலையை மெல்ல இடப்பக்கம் திருப்பினாள். பிறகு வலப்பக்கம்.

"ரெண்டு பக்கமும் இருக்கு மேடம்," என்றாள்.  "நிஜமாவே இருக்கு."

ஷெர்வின் ஒரு அடி முன்னால் வந்தான். தானும் ஒருமுறை பார்க்கலாமா என்று அவளிடம்தான் கேட்டான். பாடப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை ஒப்பிக்கத் தெரிந்தவன், கிரேட்டிங் காட்டும் வானவில்லைக் கண்ணால் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு வந்தது சுந்தரராமனின் விளக்கம். தரச்சான்றுக் குழு வருவதற்கு முதல் நாள் ஒரே அவசரம். ஜொலிக்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்று கேட்டது பிரின்ஸிபல்தான். ஆய்வகத்தில் பெட்டியைத் திறந்து, பளபளப்பாக இருந்ததை எடுத்துக் கொடுத்தார். இத்தனை வருடமாகக் கரும்பலகையில் அதன் சூத்திரத்தை எழுதியிருக்கிறார். பொருளைக் கையில் எடுத்தது அன்றைக்குத்தான் முதல் தடவை போலிருக்கிறது. வந்த குழுவில் பேராசிரியர்கள் உண்டு. அட்டையைப் படித்துவிட்டு, அருமையான பிரிஸம் என்று அவர்களும் பாராட்டிவிட்டுப் போனார்களாம்.

பன்னிரண்டு மணிக்கு ஒழுங்கு நடவடிக்கைக் குழு கூடத்தான் செய்தது. வடையும் காபியும் வந்து இறங்கிவிட்டன, கூடாமல் என்ன செய்வது? திருட்டுப் புகார் கைவிடப்பட்டது என்று முதல் வடை முடிவதற்குள் தீர்மானித்தார்கள். கூடிய குழு ஒன்றுமே செய்யாமல் கலைந்தால் நன்றாக இருக்காது என்று சுந்தரராமன் எடுத்துச் சொன்னார். அதனால் இரண்டாவதாக ஒரு தீர்மானம். மாணவர்களுக்கு அனுமதியில்லாத தாழ்வாரத்தில் நடந்ததற்காக ஜோவிதாவுக்கு எச்சரிக்கை.

டெபோரா பதிலுக்கு ஒன்றே ஒன்று கேட்டாள். இந்தப் பெண் தன் சோதனையை இன்றே, இந்தக் கிரேட்டிங்கை வைத்தே செய்து முடிக்க வேண்டும். எலியேசரால் மறுக்க முடியவில்லை. விளக்கு முழு மஞ்சளாகும் வரை ஜோவிதா காத்திருந்தாள். பார்த்தாள், எழுதினாள், மறுபடி பார்த்தாள். சாப்பாட்டு நேரம் போய்விட்டது. ஜீவா சமோசா வாங்கி வந்து கொடுத்ததை அவள் தொடவில்லை. கடைசியில் அவளுக்கு வந்த விடை ஐயாயிரத்து எண்ணூற்று எழுபத்தொன்று.

சுந்தரராமன் சிவப்புப் பேனாவால் அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

"தப்பு. தொண்ணூத்தி மூணு வரணும். திருத்திட்டு வா, கையெழுத்துப் போடறேன்."

"எனக்கு வந்தது இதுதான் சார்," என்றாள் ஜோவிதா. திருத்தவில்லை. நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ஜீவா பின்படிப் பக்கம் திரும்பினான். அவள் திரும்பவில்லை.

"எச்சரிக்கை குடுத்துட்டாங்களே அண்ணா. இனிமே எதுக்கு சுத்திப் போகணும்?"

முன்படிக்கட்டின் நடுவில், ஒவ்வொரு படியாக, அதன் அகலத்தைப் பார்த்துக்கொண்டே இறங்கினாள். வாசலில் காவலாளி நிமிர்ந்து பார்த்தார். அந்தப் படியில் இறங்குகிறவர்கள் எல்லாம் பெரிய இடம் என்பது அவருக்குப் பழகிப்போன கணக்கு. ஐடி கார்டைத் தேடவில்லை. குதிகாலைச் சேர்த்து முழுசாக ஒரு சல்யூட் வைத்தார்.

"என் மீதி அரையும் அதுலதான் போச்சுக்கா," என்றான் ஜீவா.